எழுபது சென்ட் லேஅவுட்டில் பூங்கா எங்கிருந்து வரும்?

புறநகரில் மனை வாங்கி வீடு கட்டிப் போனவர்களிடம் பேசினால் ஒரு புகார் தவறாமல் வரும். “எல்லாம் அப்ரூவ்டு மனைதான் சார், ஆனா பிள்ளைங்க விளையாட ஒரு இடம் இல்ல.” பூங்கா இடத்தை யாரோ அமுக்கிவிட்டார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்படுவோம். சில ஊர்களில் அப்படி நடந்தும் இருக்கிறது. ஆனால் சின்ன லேஅவுட்டுகளில் அமுக்குவதற்கே இடம் இருப்பதில்லை. விடச் சொல்லி விதியும் கேட்பதில்லை.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 சொல்லும் கணக்கு இது. பிரிக்கிற நிலம் 3,000 சதுர மீட்டர் வரை என்றால் திறந்தவெளிக்கென்று ஒரு அடிகூட விட வேண்டாம். 3,000-லிருந்து 10,000 வரை என்றால் சாலை போக மிச்சத்தில் 10 சதவீதம் விட வேண்டும். முடியாவிட்டால் ஈடாகக் கைடுலைன் மதிப்பில், அதாவது பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் விலையில், பணம் கட்டலாம். 10,000-ஐத் தாண்டினால் பணம் செல்லாது, இடத்தையே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஓஎஸ்ஆர் (ஓப்பன் ஸ்பேஸ் ரிசர்வேஷன், திறந்தவெளி ஒதுக்கீடு) என்று சொல்வது இதைத்தான். 3,000 சதுர மீட்டர் என்பது நம் வழக்கத்தில் சுமார் 74 சென்ட்.

இப்போது ஒரே சாலையோரம் அடுத்தடுத்து நான்கு லேஅவுட், ஒவ்வொன்றும் 70 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேரும் விதிப்படி சுத்தம். நான்கிலும் திறந்தவெளி பூஜ்யம். அதே 2.8 ஏக்கரை ஒருவரே மொத்தமாகப் பிரித்திருந்தால் 11,300 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். சாலைக்கு 30 சதவீதம் போனதாக எடுத்தாலும் 790 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ மூன்றரை கிரவுண்டு, ஊருக்கு வந்திருக்கும். ஊஞ்சல், சறுக்கு, நாலு வேப்பமரம், பெரியவர்கள் நடக்க ஒரு பாதை என்று தாராளமாகப் பிடிக்கும். நிலம் அதேதான், குடிவருகிற ஜனங்களும் ஏறக்குறைய அதே அளவுதான். பட்டா எத்தனை பேர் பெயரில் இருக்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இதில் எல்லோரையும் தில்லுமுல்லுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டு, ஒருவர் இந்த வருஷம் விற்பார், இன்னொருவர் அஞ்சு வருஷம் கழித்து விற்பார். மகள் கல்யாணத்துக்காக அறுபது சென்ட்டை மனையாக்கும் ஆளிடம் போய்ப் பூங்காவுக்கு இடம் விடு என்றால் அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மனைவி பெயரில் ‘ஃபேஸ் ஒன்று’, மைத்துனர் பெயரில் ‘ஃபேஸ் இரண்டு’ என்று போகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு ஃபேஸுக்கும் ஒரே ஆர்ச், ஒரே ஆபீஸ், ஒரே புரோக்கர்.

சரி, 3,000 என்ற வரம்பையே எடுத்துவிட்டு எல்லோரும் 10 சதவீதம் விடுங்கள் என்று சொல்லிவிடலாமா? சிலர் அப்படித்தான் கேட்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 40 சென்ட்டில் சாலை போக மிச்சத்தில் 10 சதவீதம் என்றால் மூன்று சென்ட்கூட வராது. எந்த மனை விலைபோகாதோ அதைத்தான் ஒதுக்குவார்கள். இப்போது பெரிய லேஅவுட்டுகளிலேயே அதுதானே நடக்கிறது! முக்கோணமாகக் கிடக்கும் மூலை, மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் பள்ளம், டிரான்ஸ்பார்மருக்குப் பின்பக்கம். கலர் பிளானில் பச்சையாக இருக்கும். நேரில் போனால் சீமைக்கருவேலம், உடைந்த டைல்ஸ், யாரோ கொண்டுவந்து கொட்டிய கட்டட இடிபாடு. இப்படி மூன்று சென்ட் துண்டுகளாக ஐம்பது இடம் ஊராட்சி கையில் வந்தால், வேலி போடக்கூட அதனிடம் காசு இருக்காது.

அதனால் நான் கேட்பது வேறு. சின்ன மனைப்பிரிவிடம் இடம் கேட்காதீர்கள். விஸ்தீரணத்துக்குத் தக்கபடி பணம் வாங்குங்கள். 20 சென்ட் என்றால் 20 சென்ட்டுக்கு உள்ளது, 70 என்றால் 70-க்கு உள்ளது. அதைப் பொதுக் கணக்கில் சேர்க்காமல் அந்தந்த வருவாய்க் கிராமத்தின் பெயரிலேயே தனியாக வைத்து, அதே கிராமத்தில் ஒரே இடமாக ஒரு அரை ஏக்கரை உள்ளாட்சி வாங்க வேண்டும். வாங்குவதும் ஊர் நிறைந்த பிறகு அல்ல, நிலம் இன்னும் ஏக்கர் கணக்கில் கைமாறும் காலத்திலேயே. கிரவுண்டு கணக்கில் விலை பேச ஆரம்பித்த பிறகு எந்த ஊராட்சியாலும் வாங்க முடியாது.

மனை விலை ஏறும், கடைசியில் வாங்குகிறவன் தலையில்தான் விடியும் என்பீர்கள். ஆமாம், விடியும். பெரிய லேஅவுட்டில் வாங்குகிறவர் தலையில் இப்போதே விடிந்துகொண்டுதான் இருக்கிறது. அவர் காசில் உருவான பூங்காவுக்குப் பக்கத்து 70 சென்ட் நகரிலிருந்தும்தான் பிள்ளைகள் வருகிறார்கள். வரட்டும், பிள்ளைகள்தானே. ஆனால் பாரம் ஒருவர் மீது மட்டும் ஏன்?

இன்னொன்று. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதற்கு அப்புறம், ‘டிடிசிபி அப்ரூவ்டு’, அதாவது அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம் அங்கீகரித்தது என்பது மந்திரச் சொல் ஆகிவிட்டது. போர்டில் அது இருந்தால் போதும், வேறு எதையும் நாம் கேட்பதில்லை. அப்ரூவல் என்பது விதியை மீறவில்லை என்பதற்கான சான்றுதான். அந்த விதி பூங்காவே கேட்கவில்லை என்றால், பூங்கா இல்லாத அப்ரூவ்டு நகர்தான் கிடைக்கும்.

ஒதுக்கிய இடம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு ஒரு வலுவான பிடி உண்டு. பெங்களூரில் ராஜ்மஹல் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கினார்கள். அந்தப் பகுதி ஜனங்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1991-இல் ஒதுக்கீடு செல்லாது என்றே தீர்ப்பானது. மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. நம்மூரில் பூங்கா இடத்தில் தண்ணீர்த் தொட்டி, சமுதாயக் கூடம் என்று ஆரம்பிக்கும்போது இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் இல்லாத ஊர்க்காரர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி போடலாம். கடந்த ஐந்து ஆண்டுகளில் நம் உள்ளாட்சி எல்லைக்குள் 3,000 சதுர மீட்டருக்குக் குறைவான மனைப்பிரிவுகள் எத்தனை, மொத்தப் பரப்பு எவ்வளவு? திறந்தவெளிக்கு ஈடாக வசூலான தொகை எவ்வளவு, எந்தக் கணக்கில் இருக்கிறது? தானப் பத்திரமாக வந்த இடங்களின் சர்வே எண் என்ன, பட்டா உள்ளாட்சி பெயருக்கு மாறிவிட்டதா? பதில் கிடைத்தவர்கள் கமென்ட்டில் போடுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைப் பார்க்கத்தான் எனக்கு ரொம்ப ஆசை.