தாவோஸ் போகிற வழியில் வாய்க்காலையும் பாருங்கள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சான்டா ஃபேயிலிருந்து தாவோஸ் ஊருக்குப் போகும் மலைச்சாலையைப் பற்றி யார் பதிவு போட்டாலும் மண் தேவாலயம், மலை முகடு, சரம் சரமாகத் தொங்கும் சிவப்பு மிளகாய் என்று நான்கு படங்களோடு முடித்துக்கொள்கிறார்கள். அழகான சாலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வறண்ட பூமியில் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு பச்சைப் பட்டையாக வயலும் தோப்பும் கிடக்கிறதே, அது எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. இயற்கைக் காட்சி என்று நாம் படம் எடுப்பதில் பாதி, மண்வெட்டி பிடித்தவர்கள் செய்த வேலை.

அங்கே பாசன வாய்க்காலை அசேக்கியா என்கிறார்கள். மாநிலத்தில் இன்றும் சுமார் 700 ஓடுகின்றன. பாசனக்காரர்கள் கூடி மயோர்தோமோ என்று ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பது அவர் வேலை. ஒவ்வொரு வசந்தத்திலும் எல்லோரும் சேர்ந்து தூர்வார வேண்டும். வர முடியாதவர் கூலி கொடுத்து ஆள் அனுப்ப வேண்டும். மாநிலச் சட்டமோ, தண்ணீர் குறைந்தால் முதலில் உரிமை பெற்றவருக்கே முதல் பங்கு என்கிறது. வாய்க்கால்காரர்களின் வழக்கம் வேறு: பற்றாக்குறையையும் பங்கு போட்டுக்கொள்வார்கள். எனக்கு இந்த வழக்கம்தான் நியாயமாகப் படுகிறது.

லாஸ் ட்ராம்பாஸில் எல்லோரும் 18ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் முன் செல்ஃபி எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஊருக்குச் சற்று வெளியே, சாலையிலிருந்தே தெரிகிற மாதிரி, பெரிய மரத்தடியைத் தொட்டி போலக் குடைந்து பள்ளத்தின் மேல் கால் நட்டுத் தூக்கி வைத்திருக்கிறார்கள். வாய்க்கால் அதன் வழியாகத்தான் பள்ளத்தைத் தாண்டுகிறது. மரம் கறுத்து, வெடிப்புகளில் தண்ணீர் சொட்டி, கீழே அந்த ஈரத்துக்கு மட்டும் புல் முளைத்திருக்கிறது. வழியில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது இதுதான். (சிமாயோ ஊர்த் தேவாலயத்தில் எல்லோரும் தேடிப்போய் அள்ளும் புனித மண்ணை நானும் ஒரு சிட்டிகை அள்ளினேன், அது வேறு கதை.)

சுற்றுலாக் கையேடுகளில் ஒரு வரி வரும்: பல பண்பாடுகள் இணக்கமாக வாழும் பூமி. இந்த வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். ஸ்பானியர் வருவதற்கு முன்பே இங்கே பூர்வகுடிகளான புவெப்லோ மக்கள் தண்ணீரைத் திருப்பி விவசாயம் செய்தார்கள். 1598இல் ஸ்பானியப் படைத்தலைவர் ஓன்யாத்தே வந்து இறங்கியது ஓக்கே ஓவிங்கே என்ற புவெப்லோ ஊர் மக்களின் இடத்தில். அடுத்த ஆண்டே, எதிர்த்து நின்ற ஆக்கோமா என்ற இன்னொரு புவெப்லோ ஊர் ஆண்களில் 25 வயதைத் தாண்டியவர்களின் ஒரு பாதத்தை வெட்டத் தீர்ப்பு சொன்னவர் அவர். 1680இல் அதே ஓக்கே ஓவிங்கேயைச் சேர்ந்த போபே, முடிச்சுப் போட்ட கயிறுகளை ஊர் ஊராக அனுப்பி, நாள் குறித்துக் கிளர்ச்சி நடத்தினார். விரட்டப்பட்ட ஸ்பானியர் திரும்பி வர 12 ஆண்டுகள் ஆயின. பக்கத்து அல்கால்தேயில் ஓன்யாத்தேக்குச் சிலை வைத்தார்கள். 1990களின் இறுதியில் யாரோ அதன் வலது பாதத்தை அறுத்தார்கள். 2020இல் சிலையையே எடுத்துவிட்டார்கள். போபேயின் சிலையோ 2005 முதல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் நிற்கிறது. இவ்வளவையும் ‘இணக்கம்’ என்ற ஒரே சொல்லில் மூடி மறைக்க முடியுமா?

தண்ணீருக்கும் வழக்கு உண்டு. போஹாக்கே பள்ளத்தாக்கில் யாருக்கு எவ்வளவு என்று 1966இல் தொடங்கிய வழக்குக்குச் சமரசச் சட்டம் வந்தது 2010இல். தாவோஸ் ஊருக்குப் பக்கத்தில் உள்ள புவெப்லோ மக்களின் பழைய ஊரான தாவோஸ் புவெப்லோவின் நடுவே ஓடும் ஓடை, அவர்கள் புனிதமாகக் கருதும் நீல ஏரியிலிருந்து வருகிறது. 1906இல் அரசு அந்த ஏரியைக் காட்டிலாகாவோடு சேர்த்துவிட்டது. விடாமல் போராடி 1970இல் 48,000 ஏக்கரோடு மீட்டார்கள்.

போகிறவர்களுக்கு ஒன்று. மஞ்சள் இலைக்காக இலையுதிர் காலத்தில் போங்கள் என்பார்கள். என்னைக் கேட்டால் மே மாதம். பனி உருகி வாய்க்கால்கள் நிறைந்து ஓடும். தாவோஸ் புவெப்லோவைச் சடங்குகளுக்காகச் சில சமயம் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள். திரும்பும்போது ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய கீழ்ச்சாலையில் வாருங்கள். எம்புடோ என்ற ஊர் வழியில்தான் வரும். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அளக்க அமெரிக்க நிலவியல் துறை 1889இல் முதல் நிலையம் அமைத்தது அங்கேதான்.