ஊரடங்குக்கு முன்பே ஓடிடி இருந்தது

"கொரோனா ஊரடங்கு வந்திருக்காவிட்டால் இந்தியாவில் ஓடிடியே (இணையம் வழியே படம், தொடர் பார்க்கும் சேவை) கிடையாது" என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்லியிருக்கிறார். வருடக் கணக்கு இடிக்கிறதே!

ஹாட்ஸ்டார் வந்தது 2015இல். நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரி, அமேசான் பிரைம் வீடியோ அதே வருடம் டிசம்பர். சன் நெக்ஸ்ட் 2017. 2019 உலகக்கோப்பை அரையிறுதியில் இந்தியா–நியூசிலாந்து ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.5 கோடிப் பேர் பார்த்தார்கள். அப்போது கொரோனா என்ற பெயரே நமக்குத் தெரியாது.

உண்மையான திருப்பம் 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததுதான். அதற்கு முன் ஒரு ஜிபி டேட்டா சுமார் 250 ரூபாய். ஒரு மாதத்துக்கு இழுத்துப் பிடித்து ஓட்டுவோம். யூடியூப் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். படம் வேண்டுமென்றால் மெமரி கார்டை மொபைல் கடையில் கொடுத்து ஏற்றி வருவோம் (திருட்டுப் பிரதிதான், மறைப்பானேன்!). ஜியோ வந்ததும் மாதக்கணக்கில் டேட்டா இலவசம். மற்ற நிறுவனங்களும் விலையை இறக்கியே ஆகவேண்டி வந்தது.

சரி, ஊரடங்குக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. தியேட்டர்கள் மூடியதால் 2020 மே மாதம் ஜோதிகா நடித்த படம் நேரடியாக பிரைமில் வந்தது. பெரிய படங்களும் தியேட்டரைத் தாண்டி வரலாம் என்று ஆனது அப்போதுதான். ஆனால் பார்க்கும் பழக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது.