சுரங்கத் தொழிலாளியின் வெள்ளைக் கையுறை

வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து, அதைக் கொண்டு வண்ணப் பந்துகளை மேசைக் குழிகளில் வீழ்த்தும் ஸ்னூக்கரைப் பற்றி நம் ஊரில் பேச்செழுந்தால் அது ரோனி ஓ'சல்லிவனில் தொடங்கி ரோனி ஓ'சல்லிவனிலேயே முடிகிறது. 1997 உலகப் போட்டியில் ஐந்து நிமிடம் எட்டு விநாடிகளில், உச்சபட்சமான 147 புள்ளிகளையும் எடுத்து அவர் மேசையைக் காலி செய்த காணொளி இன்றும் கைப்பேசிக்குக் கைப்பேசி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து வியக்காதவர் ரசனை இல்லாதவர் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதே ரோனி 2004-ஆம் ஆண்டு அரையிறுதியில் ஸ்டீபன் ஹென்ட்ரியை 17-4 ஃப்ரேம்கள் (ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு தனி ஆட்டம்) என்றும், இறுதியில் கிரேம் டாட்டை 18-8 என்றும் சாய்த்துத் தம் இரண்டாவது உலகப் பட்டத்தை வென்றபோது, அவருக்குத் தடுப்பாட்டத்தின் நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தவர் எழுபத்தொரு வயது முதியவர் ஒருவர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. அவர் பெயர் ரே ரியர்டன். 1970-க்கும் 1978-க்கும் இடையே ஆறு முறை உலகச் சாம்பியன். 2024 ஜூலையில் தொண்ணூற்றொரு வயதில் அவர் காலமானபோது, ரோனியின் ஒவ்வொரு அசைவையும் பகிர்கிற என் நண்பர்களில் ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவருடைய வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, ஆட்டக்காரர் எங்கே பிறந்தார், எவ்வளவு திறமையோடு பிறந்தார் என்பதைக் காட்டிலும், அவர் கைக்கெட்டும் தூரத்தில் மேசை இருந்ததா என்பதே முக்கியம் என்ற எண்ணம் எனக்கு வலுத்துக்கொண்டே போகிறது. அதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ரியர்டன் 1932 அக்டோபரில் தெற்கு வேல்ஸின் ட்ரெடீகர் என்னும் நிலக்கரி ஊரில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். எட்டு வயதில் உறவினர் ஒருவர் ஆட்டத்தை அறிமுகப்படுத்தினார். பத்து வயதில் ட்ரெடீகர் தொழிலாளர் மன்றத்தில் வாரம் இரண்டு நாள் பயிற்சி செய்துகொண்டிருந்தார். இந்த மன்றங்களைப் பற்றிச் சற்று நின்று சொல்லியாக வேண்டும். வேல்ஸின் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு சிறு பங்கைச் சேர்த்துச் சேர்த்து ஊருக்கு ஊர் இத்தகைய மன்றங்களை வளர்த்தார்கள். அவற்றில் நூலகம், வாசிப்பறை, கூட்ட அரங்கு ஆகியவற்றோடு பில்லியர்ட்ஸ் மேசைகளும் இருக்கும். ட்ரெடீகர்க்காரர்கள் இதே முறையில் தங்களுக்கென ஒரு மருத்துவச் சங்கத்தையும் நடத்தினார்கள். அந்த ஊரிலேயே பிறந்து, பதின்ம வயதிலேயே சுரங்கத்தில் இறங்கி, மன்ற நூலகத்தில் படித்து வளர்ந்த அனியூரின் பெவன்தான் பிற்பாடு பிரிட்டனின் சுகாதார அமைச்சராகி, 1948-இல் நாடு முழுமைக்கும் இலவச மருத்துவத்தைக் கொண்டுவந்தார். புத்தகம் தேடி மன்றத்துக்கு வந்தவர் அமைச்சரானார், கோல் பிடிக்க வந்தவர் சாம்பியனானார். இரண்டுக்கும் முதல் போட்டது அந்த ஊர்த் தொழிலாளியின் சம்பளக் காசு.

பதினான்கு வயதில் நல்ல உயர்நிலைப் பள்ளியில் கிடைத்த இடத்தை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, அப்பாவைப் போலவே ரியர்டனும் டை ட்ரிஸ்ட் சுரங்கத்துக்குள் இறங்கினார். (நம் வீடுகளில் ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.) சுரங்கத்தில் அவர் வெள்ளைக் கையுறை அணிந்துகொண்டு வேலை செய்தார் என்பதுதான் அவர் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஸ்னூக்கர் ஆடியவர்களுக்கு இதன் காரணம் உடனே விளங்கும். மேசைமேல் ஊன்றிய கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவேயுள்ள பள்ளத்தில்தான் க்யூ என்னும் ஆட்டக் கோல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்த இடத்தில் ஒரு காய்ப்போ ஆறாத கீறலோ இருந்தால் கோல் ஒரு கணம் தடங்கும்; அந்தத் தடங்கல் பன்னிரண்டு அடி தள்ளியிருக்கும் குழியின் வாயில் பந்தைத் தட்டி வெளியே நிறுத்திவிடும். பகலெல்லாம் கரி வெட்டுகிற ஒரு கை, மாலையில் அந்த மென்மையோடு மேசைக்கு வர வேண்டும் என்று ஒரு சிறுவன் முன்கூட்டியே யோசித்திருக்கிறான். முகமெல்லாம் கரி அப்பிய ஆட்களுக்கு நடுவில் வெள்ளைக் கையுறையோடு நிற்பதற்குத் தனித் துணிச்சலும் வேண்டும். 1950 முதல் 1955 வரை ஆண்டு தவறாமல் வேல்ஸ் அமெச்சூர் பட்டத்தை வென்றது அந்தக் கைதான்.

பின்னர் குடும்பம் இங்கிலாந்தின் ஸ்டோக் நகரப் பக்கம் குடிபெயர, அங்கேயும் சுரங்க வேலைதான். ஒரு நாள் பாறை சரிந்து விழுந்து மூன்று மணி நேரம் உள்ளே புதைந்து கிடந்தார். அசைய முடியவில்லை, அசைந்தால் மேலும் சரியலாம். தம்பியோடு கோலிக்குண்டு ஆடுவதாக மனத்துக்குள் கற்பனை செய்துகொண்டே அந்த நேரத்தைக் கடத்தியதாகப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். உயிர் பிழைத்து வெளியே வந்தவர் சுரங்கத்தை விட்டுவிட்டுக் காவல்துறையில் சேர்ந்தார். 1964-இல் ஜான் ஸ்பென்சரை வீழ்த்தி இங்கிலாந்து அமெச்சூர் பட்டத்தை வென்றதும், தொடர்ந்து தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு அழைப்பு வந்ததும் அவருக்கு நம்பிக்கை தர, 1967-இல் காவலர் வேலையையும் உதறிவிட்டுத் தொழில்முறை ஆட்டக்காரரானார். அப்போது வயது முப்பத்தைந்து. இன்றைக்கு அந்த வயதில் ஒருவர் வேறு துறைக்குப் போகிறேன் என்றாலே நாம் ஏற இறங்கப் பார்க்கிறோம். அவரோ அன்றைக்குப் பெரிதாகப் பணம் புழங்காத ஓர் ஆட்டத்துக்காக அரசு வேலையை விட்டார்.

அக்கால உலக இறுதிப் போட்டிகள் இன்றைய ரசிகர்களின் பொறுமைக்கு எட்டாதவை. 1970-இல் ஜான் புல்மனை அவர் வென்ற கணக்கு 37-33. 1973-இல் எடி சார்ல்ட்டனுக்கு எதிராக முதல் அமர்வில் ஏழு ஃப்ரேம்களையும் இழந்துவிட்டு, முடிவில் 38-32 என்று வென்றார். எல்லாவற்றையும் மிஞ்சியது 1975-இல் ஆஸ்திரேலியாவில், அதே சார்ல்ட்டனின் சொந்த மண்ணில் நடந்தது. முப்பத்தொரு ஃப்ரேம் வென்றால் பட்டம் என்ற நிலையில் சார்ல்ட்டன் 29-23 என்று முன்னே நிற்கிறார். இன்னும் இரண்டே ஃப்ரேம் போதும். அங்கிருந்து ரியர்டன் அடுத்தடுத்து ஏழு ஃப்ரேம்களை எடுத்து 30-29 என்று தாண்டுகிறார், சார்ல்ட்டன் 30-30 ஆக்குகிறார், கடைசி ஃப்ரேம் ரியர்டனுக்குப் போகிறது.

இதைச் சாதித்தது அதிரடி இல்லை. காசு கட்டி ஆடும் நம் ஸ்னூக்கர் பார்லர்களில் விடலைப் பையன்கள் எவ்வளவு கடினமான பந்தானாலும் குழியைப் பார்த்தே அடிப்பார்கள். விழுந்தால் கைதட்டல், விழாவிட்டால் எதிராளிக்கு விருந்து. ரியர்டனின் வழி வேறு. சிவப்புப் பந்தின் விளிம்பை வெள்ளைப் பந்து மயிரிழை அளவுக்கு உரசிவிட்டு, மேசையின் மேல்பக்க விளிம்பில் பட்டுத் திரும்பி, மேசை முழுவதையும் கடந்து வந்து, கீழ்ப்பக்க விளிம்பை ஒட்டிக்கொண்டு, முடிந்தால் பச்சைப் பந்தின் மறைவில் போய் நிற்கும். இப்போது எதிராளி என்ன செய்வார்? நேராக அடிக்க வழியில்லை, க்யூவைத் தாழ்த்த இடமில்லை. அவர் செய்கிற சிறு பிழைக்காக ரியர்டன் நாற்காலியில் உட்கார்ந்து புன்னகையோடு காத்திருப்பார். நெற்றியின் நடுவே கூராக இறங்கிய கறுத்த முடியையும் அந்தச் சிரிப்பில் தெரியும் பற்களையும் வைத்து அவருக்கு 'டிராகுலா' என்று பெயர் வந்தது. தடுப்பாட்டத்தைக் கோழைத்தனம் என்று நினைப்பவர்கள், அதற்கு எவ்வளவு மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்க்கட்டும். குழியில் போடுவதைப் பழகினால் உடனுக்குடன் பலன் தெரியும். வெள்ளைப் பந்தைச் சொன்ன இடத்தில் நிறுத்துவதைப் பழகுவதற்கோ, காசுக் கணக்கும் கடிகாரமும் மிரட்டாத மேசை வேண்டும்.

பிற வெற்றிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வண்ணத் தொலைக்காட்சிக்காக பி.பி.சி. 1969-இல் தொடங்கிய 'பாட் பிளாக்' போட்டியின் முதல் வெற்றியாளர் அவரே. 1976-இல் உலகத் தரவரிசை வந்தபோது முதலிடத்தில் அமர்ந்த முதல் மனிதரும் அவரே. 1978-இல் நாற்பத்தைந்து வயதில் ஆறாவது உலகப் பட்டம். 2022-இல் நாற்பத்தாறு வயது ரோனி வந்து முறியடிக்கும்வரை நாற்பத்து நான்கு ஆண்டுகள் நிலைத்த வயதுச் சாதனை அது. 1982 இறுதிப் போட்டியில் அலெக்ஸ் ஹிக்கின்ஸிடம் 18-15 என்று தோற்றாலும், அதே ஆண்டு ஐம்பது வயதில், இருபது வயது ஜிம்மி ஒயிட்டை வீழ்த்தித் தரவரிசைப் போட்டி ஒன்றை வென்றார்.

இனி நம் கதைக்கு வருகிறேன். இந்த ஆட்டம் 1875 வாக்கில் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லைன் என்ற ராணுவ அதிகாரியின் கையில் உருவாகி, 1882-இல் நம் உதகமண்டலத்து ஊட்டி கிளப்பில்தான் விதிகள் எழுதி மாட்டப்பட்டு முறைப்பட்டது. அதாவது ஸ்னூக்கரின் சட்டப் புத்தகம் தமிழ் மண்ணில் எழுதப்பட்டது. ஆனால் அது எழுதப்பட்ட அறைக்குள் தமிழர் எவரும் உறுப்பினராக நுழைந்திருக்க முடியாத காலம் அது. வெள்ளைக்காரர் போன பிறகும் கதவின் அகலம் பெரிதாக மாறிவிடவில்லை. வேட்டி கட்டி வந்தவரை ஒரு கிளப் வாசலிலேயே நிறுத்தியதற்காக, 2014-இல் சட்டமன்றத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்த ஊர் நம் சென்னை. தமிழ் சினிமாவில் பில்லியர்ட்ஸ் மேசை வந்தாலே பட்டு அங்கி போட்ட பணக்கார வில்லன் வரப்போகிறான் என்று மூன்று தலைமுறை ரசிகர்கள் பழகிப்போனதற்கும் இதுதான் காரணம்.

அந்தக் கிளப்புகளுக்குள் மேசையை உண்மையில் அறிந்தவர், அதைப் பராமரிக்கும் ஊழியரான மார்க்கர்தான். நண்பர் ஒருவரின் விருந்தினனாகப் போன ஒரு கிளப்பில் ஒரு மூத்த மார்க்கரை நெடுநேரம் கவனித்திருக்கிறேன். காலையில் பச்சைத் துணியை அதன் இழை போகும் திசையிலேயே பிரஷ்ஷால் துலக்கி, பிறகு கனமான இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைக்காமல் ஒரே இழுவையாக இழுத்துத் தேய்த்தார். கடற்காற்றின் ஈரம் ஏறினால் துணி கனத்துப் பந்தின் ஓட்டம் மந்தமாகும் என்பதால், குளிர்சாதனத்தை எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. உறுப்பினர் யாரும் வராதபோது அவர் தனியாக ஆடிய ஆட்டம் அங்கே பணம் கட்டி ஆடிய எவருடைய ஆட்டத்துக்கும் குறைந்ததில்லை. உறுப்பினர் "வாப்பா, ஒரு ஃப்ரேம் போடலாம்" என்று அழைத்தால் மட்டும், அவர் மனம் நோகாத அளவுக்கு, கடைசிக் கறுப்புப் பந்துவரை கொண்டுபோய்த் தோற்றுக் கொடுத்தார். வேல்ஸில் பிறந்திருந்தால் இவர் தம் ஊர் மன்றத்து மேசையில் தமக்காக ஆடியிருப்பார்.

இது நம் ஆட்களுக்கு ஒத்துவராத ஆட்டம் என்று யாராவது சொன்னால் அவர்களை வடசென்னைக்கு அழைத்துப்போகத் தயாராக இருக்கிறேன். கேரம் பலகையும் ஒருவகையில் இதே கணக்குதான்: கோணம், விசை, அடுத்த காய்க்கு ஸ்டிரைக்கரை எங்கே நிறுத்துவது, எதிராளியின் காயை எப்படி மறிப்பது. தெருமுனை மன்றங்களில் மாலையானால் குண்டு பல்பின் கீழே பலகையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். ஆட வருபவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தெருக்களிலிருந்துதான் வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் உலகச் சாம்பியனானார். அங்கிருந்துதான் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று திரும்பினார். ட்ரெடீகர் மன்றம் ரியர்டனுக்கு என்ன செய்ததோ, அதை இந்தக் கேரம் மன்றங்கள் இவர்களுக்குச் செய்திருக்கின்றன. ஸ்னூக்கரிலும் 2025-இல் நம் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் மகளிர் உலகப் பட்டத்தை வென்றார். அந்த வெற்றிச் செய்தியைப் படித்துவிட்டுக் கோல் பிடிக்க ஆசைப்படுகிற புளியந்தோப்புச் சிறுமிக்கு இன்று இருக்கும் வழி, மணிக்கணக்கில் வாடகை வாங்கும் பார்லர்தான். அங்கும் தோற்றவரே மேசைக் காசு கட்ட வேண்டும் என்ற வழக்கம் இருப்பதால், கையில் காசில்லாதவர் தோற்றுத் தோற்றுக் கற்கும் வாய்ப்பையே இழக்கிறார்.

ஸ்னூக்கர் மேசை கேரம் பலகை இல்லை, பன்னிரண்டடி நீளத்தில் கற்பலகைகளோடு டன் கணக்கில் கனக்கும், தனி அறையும் குளிர்சாதனமும் கேட்கும் என்ற மறுப்பு நியாயமானதே. தெருவுக்குத் தெரு வைக்கச் சொல்லவில்லை. மாநகராட்சியின் உள்விளையாட்டு அரங்குகளில் மண்டலத்துக்கு இரண்டு மேசைகள் போட்டு, பள்ளி மாணவர்களுக்கு மாலையில் கட்டணமில்லாமல் திறந்துவிட்டு, அவற்றைப் பராமரிக்கவும் பயிற்சி தரவும் ஓய்வுபெற்ற மார்க்கர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தினால் போதும். துணியைத் தேய்க்கவும் தெரிந்து, வெள்ளைப் பந்தைச் சொன்ன இடத்தில் நிறுத்தவும் தெரிந்தவர்கள் இந்த ஊரில் அவர்கள்தான். பயிற்சியாளர் சான்றிதழ் இல்லை என்று அவர்களை விண்ணப்பத்திலேயே கழித்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே கேட்கிறேன். மாமன்ற உறுப்பினர்கள் எவரேனும் இந்தப் பதிவைப் படித்தால், அடுத்த நிதிநிலைக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். கோரிக்கை மனு எழுதித் தர நான் தயார்.