அலைச் சத்தம் போட்டுக் கண்ணை மூடச் சொல்லாதீங்க

பள்ளிக்கூடத்தில் 'மைண்ட்ஃபுல்னஸ்' (இந்த நொடியில் மனதை நிறுத்திக் கவனிக்கும் பயிற்சி) என்றதும் யூடியூபில் அலையோசையைப் போட்டு, பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்வது இப்போது வழக்கமாகி வருகிறது. எங்கள் குமரி மாவட்டத்தில் மலையோரப் பேச்சிப்பாறைப் பக்கம் வேண்டுமானால் அது இதமாக இருக்கலாம். கடலோர மீனவ ஊர்களான தூத்தூரிலும் சின்னத்துறையிலும் இருக்காது. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். அன்று கடலுக்கு ஆளைக் கொடுத்த வீடுகள் அங்கே இருக்கின்றன. அப்பா ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்ய, வாரக்கணக்கில் முகம் பார்க்காத பிள்ளை கண்ணை மூடினால் நினைப்பு எங்கே ஓடும்? டெஸ்க்கில் ஒரு கீறலைப் பார்த்துக்கொண்டே செய்யட்டும். மூட விரும்புகிற பிள்ளை மூடிக்கொள்ளட்டும்.

மூச்சுக்கு வருவோம். மூன்று எண்ணும் வரை மூக்கால் உள்ளே, ஐந்து எண்ணும் வரை வெளியே. ஆறு தடவை, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூச்சு வெளியே போகும்போதுதான் இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும், அதற்காகத்தான் அந்த ஐந்து. "நல்லா இழுங்க" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. பையன்கள் போட்டி போட்டு நெஞ்சு புடைக்க இழுப்பார்கள்; ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை கிறங்கும். சூடு சாயாவை ஊதி ஆற்றுகிற மாதிரி விடச் சொன்னால் ஒன்றாம் வகுப்புக்கும் பிடிபடும்.

மூச்சைவிட முக்கியமாக எனக்குப் படுவது வார்த்தை. "எப்படி இருக்கே மக்களே?" என்றால் "கொள்ளாம்" (நல்லாயிருக்கேன்) என்று பதில் வரும். அத்தோடு முடிந்தது. சுவர் சார்ட்டிலோ சிரிப்பு, அழுகை, கோபம், பயம் என்று நாலு வட்ட மூஞ்சி. நம்மூர்ப் பேச்சு இதைவிட நுணுக்கமானது. கேள்வித்தாள் கைக்கு வருமுன் வருகிறதே, அது வெப்ராளம், அதாவது பதற்றம். எல்லார் முன்னாலும் மார்க்கை வாசிக்கும்போது வருவது நாணக்கேடு. கூட்டுக்காரியின் (தோழியின்) புது பேக்கைப் பார்த்தால் குசும்பு; எங்கள் பேச்சில் அது பொறாமை. பேர் கிடைத்துவிட்டால் அடுத்ததைக் கேட்கலாம்: அது உடம்பில் எங்கே தெரியுது? வயிற்றிலா, தொண்டையிலா, உள்ளங்கையிலா?

பேர் தெரிந்தால் மருந்தும் தெரியும். வெப்ராளத்துக்கு மூச்சு உதவும். நாணக்கேட்டுக்கு உதவாது, மார்க்கைச் சத்தமாக வாசிப்பதை டீச்சர் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

பிரிட்டனில் 85 பள்ளிகளில், 11 முதல் 14 வயது வரையிலான 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் மைண்ட்ஃபுல்னஸ் பாடத்தைச் சோதித்தார்கள். 2022-ல் முடிவு வந்தது: வழக்கமான வகுப்பைவிடப் பிள்ளைகளின் மனநலத்தில் மேம்பாடு இல்லை. வீட்டில் போய்ப் பழகியவர்களும் குறைவு. இதையெல்லாம் வீண் என்று தள்ள நான் தயாரில்லை. ஆனால் ஒரு பீரியடுக்குள் பாடமாக நடத்திவிட்டு மீதி நேரம் பழைய அதட்டலே தொடர்ந்தால் என்ன மாறும்? டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-ல் வந்த மகிழ்ச்சி வகுப்புக்குப் பரீட்சை வைக்கவில்லை. அதை மட்டுமாவது கடன் வாங்கலாம். இதற்கும் ஒரு கிரேடு போட நம்மாட்களுக்குக் கை துறுதுறுக்கும்!

இன்னொன்று. சேட்டை பண்ணிய பிள்ளையை "மூலையில் போய் மூச்சு விடு" என்று அனுப்பினால், அது முட்டி போட வைப்பதற்குப் புதுப் பேர். பிறகு மூச்சுப் பயிற்சி என்றாலே அந்தப் பிள்ளைக்குத் தண்டனைதான். நேரமும் பார்க்கணும்: சோறு தின்ற கையோடு செய்தால் பாதி வகுப்பு உறங்கும். இன்டர்வெல் முடிந்து உள்ளே வரும்போது சரியாக இருக்கும். டீச்சரும் கூடவே செய்யணும், அந்த ஒரு நிமிடம் நோட்டு திருத்தக் கூடாது.

பல நாளாக உறக்கமில்லாத, சாப்பிடாத, கையைக் கீறிக்கொள்கிற பிள்ளைக்கு இது எதுவும் போதாது. 14417 (தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டு நம்பரையும் ஸ்டாஃப் ரூமில் ஒட்டி என்ன பயன்? வகுப்பில், பிள்ளை கண்ணில் படும் உயரத்தில் எழுதிப் போடுங்க.