பாறையைக் கண்டு விலகிய கோபுரங்கள்

கோலாலம்பூர் போய்வந்த நம்மவர் யார் போனை வாங்கிப் பார்த்தாலும் அந்தப் படம் இருக்கும். பூங்காவில் மல்லாந்து படுத்து, பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் உச்சிவரை விழும்படி எடுத்தது. நானும் எடுத்தேன், முதுகெல்லாம் மண். ஆனால் பேச்சு வந்தால் எல்லாரும் உயரத்தோடு நின்றுவிடுவதுதான் எனக்கு எரிச்சல்.

451.9 மீட்டர், 88 மாடி. 1998இல் கிடைத்த அந்த 'உலகிலேயே உயரம்' பட்டமே கொஞ்சம் வில்லங்கமானது. சிகாகோவின் சியர்ஸ் டவரில் ஆள் புழங்கும் மாடி இதைவிட உயரத்தில் இருந்தது. அதன் ஆன்டெனா கணக்கில் வராது, இதன் கூர்முனை வரும் என்றார்கள். பட்டம் கைமாறியது. 2004இல் தைவானின் தைபே 101 கட்டடம் அதைப் பறித்துக்கொண்டது. இப்போது உள்ளூரிலேயே மெர்டேக்கா 118 என்ற கோபுரம் இதைக் குட்டையாக்கிவிட்டது. விடுங்கள்.

என்னைக் கேட்டால் நிஜக் கதை மண்ணுக்குள் இருக்கிறது. அந்த இடம் முன்பு குதிரைப் பந்தய மைதானம். தோண்டிப் பார்த்தால் அடியில் சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் அரித்து ஓட்டையும் பொந்துமாய், ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் அதல பாதாளத்தில். ஒரு கால் பாறையிலும் மறு கால் மண்ணிலும் வைத்தால் கோபுரம் சாயாதா? அதனால் கட்டடத்தையே சுமார் 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள். பைல்கள், அதாவது அஸ்திவாரத்துக்காக மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்கள், பாறையில் ஊன்றவில்லை, மண்ணின் உராய்வுப் பிடிப்பில் நிற்கின்றன. சில 100 மீட்டரையும் தாண்டிய ஆழம். அஸ்திவாரத்துக்குப் பாறை கிடைத்தால் பாக்கியம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். இவர்கள் பாறையைக் கண்டு ஒதுங்கியிருக்கிறார்கள்!

மேலே எழும்பியதும் பெரும்பாலும் கான்கிரீட்தான். அவ்வளவு இரும்பை இறக்குமதி செய்தால் கட்டுபடியாகாது. கான்கிரீட் அங்கே பழகிய வேலை. எடை கூடும், ஆனால் காற்றுக்கு ஆட்டம் குறையும். ஒரு கோபுரம் ஜப்பானியக் குழுவிடம், இன்னொன்று கொரியக் குழுவிடம். இப்படிப் போட்டி மூட்டிவிட்டால் வேலை ஓடாமல் என்ன செய்யும்?

வரைபடம் கோலம் போடுகிறவர்களுக்கு நொடியில் புரியும். ஒரு சதுரம், அதன்மேல் திருப்பி வைத்த இன்னொரு சதுரம், எட்டு முனை நட்சத்திரம். இஸ்லாமியக் கலையில் பழகிய வடிவம். உள்மூலைகளில் இடம் வீணாகாமல் அரைவட்டங்களைச் சேர்த்தார் கட்டடக் கலைஞர் சீசர் பெல்லி. அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்கா போனவர் அவர்.

எனக்குப் பிடித்தது 41, 42ஆம் மாடிகளில் இருக்கும் பாலம். தரையிலிருந்து 170 மீட்டர். இரண்டு கோபுரமும் காற்றில் தனித்தனியாக அசையும். பாலத்தை இறுகப் பூட்டினால் பிய்ந்துவிடும். அதனால் முனைகள் வழுக்கி நகரும்படி விட்டு, அடியில் கவட்டைக் கம்பு மாதிரி கால் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் தீப்பிடித்தால் மற்றதற்குத் தப்பி ஓடவும் அதுதான் வழி. 2001 செப்டம்பர் 12 அன்று வெடிகுண்டு மிரட்டலில் இரண்டையும் ஒரே நேரத்தில் காலி செய்ய வேண்டி வந்தபோதுதான், அந்த வழி ஒற்றைக் கோபுர ஆபத்துக்கு மட்டுமே உதவும் என்பது உறைத்தது.

பாலத்தில் எல்லாரும் கண்ணாடிப் பக்கம் ஓடினார்கள். நான் பாலமும் கோபுரமும் சேரும் இடத்தில் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன தொலைத்துவிட்டீர்கள் என்று கேட்டார் காவலர்.