பினாங்கில் கப்பல் நின்றால் பேருந்தில் ஏறாதீர்கள்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் க்ரூஸ் கப்பல்கள் பலவும் மலேசியாவின் பினாங்கில் ஒரு பகல் நிற்கும். முந்தின நாள் சாயங்காலமே கப்பலுக்குள் இருக்கும் சுற்றுலா மேசையில் கூட்டம் சேர்ந்துவிடும். கெக் லோக் சி கோயில், பினாங்கு மலை ரயில், நடுவில் ஒரு கடை, திரும்பக் கப்பல். தமிழ்க் குடும்பங்கள் வரிசையில் நின்று அந்தச் சீட்டை வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அவர்களிடம் நேரில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். பினாங்கில் இறங்கினால் நடந்து பாருங்கள்.

எல்லாத் துறைமுகங்களுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். கோலாலம்பூர் என்று அட்டவணையில் போட்டிருந்தாலும் கப்பல் நிற்பது போர்ட் கிள்ளானில். அங்கிருந்து நகரத்துக்குப் போகவே ஒரு மணி நேரம் பிடிக்கும். பாங்காக் என்றால் பெரிய கப்பல்களுக்கு லெம் சபாங். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ரோம் என்று நம்பி இறங்கினால் அது சிவிட்டாவெக்கியா. அங்கெல்லாம் வண்டி இல்லாமல் ஒன்றும் நடக்காது. பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறை வேறு மாதிரி. முனையக் கட்டடத்தைத் தாண்டி, வாசலில் சூழ்ந்துகொள்ளும் டாக்ஸிக்காரர்களுக்கு ஒரு தலையசைப்பு கொடுத்துவிட்டு வெளியே வந்தால், எதிரிலேயே பழைய ஜார்ஜ் டவுன். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்த நகரம். அதன் மையப்பகுதி மொத்தமே சுமார் 109 ஹெக்டேர்தான். கால்தான் அதற்குச் சரியான வாகனம்.

நான் இவ்வளவு அடித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. துறைமுக நகரம் கடலிலிருந்து உள்நோக்கி வளர்ந்த ஊர். முதலில் படகுத்துறை, பக்கத்தில் கோட்டை. அதற்குப் பின்னால் சுங்கம், கிடங்கு, வங்கி, வட்டிக்குக் கொடுப்பவர்கள். அதற்கும் பின்னால் கூலிக்கு வந்தவர்கள் கும்பிட ஓர் இடம், சோறு விற்க ஒரு கடை, படுக்க ஒரு திண்ணை. விமானத்தில் வருகிறவர்கள் இதைக் கடைசியிலிருந்து பார்க்கிறார்கள். விமான நிலையம், நெடுஞ்சாலை, மால், ஹோட்டல் எல்லாம் முடிந்து ஒரு சாயங்காலம் 'பழைய டவுன்' போவார்கள். கப்பலில் வந்து நடக்கிறவர்களுக்குத்தான் நகரம் அது கட்டப்பட்ட வரிசையிலேயே திறக்கிறது. அந்த அரிய வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடி மூடிய பேருந்தில் ஏறி மலைக்குப் போய்விடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

துறையை விட்டு வந்ததும் முதலில் கண்ணில் படுவது விக்டோரியா மணிக்கூண்டு. விக்டோரியா ராணி அரியணை ஏறி 60 ஆண்டுகள் ஆனதைக் கொண்டாட 1897இல் சியா சென் யோக் என்ற சீனச் செல்வந்தர் கட்டத் தொடங்கினார். ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரம். 1902இல் வேலை முடிந்தபோது ராணி உயிரோடு இல்லை. கூண்டு லேசாகச் சாய்ந்திருப்பதைக் கவனியுங்கள். இரண்டாம் உலகப் போரில் அருகே விழுந்த குண்டுகளால் வந்த சாய்வு என்கிறார்கள். பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் இறங்கிய இடம் அதுதான். கோட்டைக்குள் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு சண்டையும் காணாத கோட்டை அது. சுவரை வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

அதைவிடச் சுவாரசியமானது கொஞ்சம் தெற்கே இருக்கும் சுங்கத் துறைக் கட்டடம். மணிக்கூண்டு வைத்த அந்த வெள்ளை மாளிகை ஒரு காலத்தில் ரயில் நிலையம். தண்டவாளம் கிடையாது, ரயிலும் கிடையாது! இங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு, படகில் ஜலசந்தியைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய் அங்கே ரயில் ஏற வேண்டும். கப்பலில் வந்தவர்கள் ரப்பர் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்க ஊர்களுக்கும் பிரிந்து போன வழிகளில் இதுவும் ஒன்று.

இங்கிருந்து உள்ளே நடக்கும்போது காலடியில் இருப்பது பழைய கடல். வெல்ட் கீ சாலையும் அதையொட்டிய கிடங்குகளும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தில் நிற்கின்றன. அதற்கு முன்பு கரை என்பது லெபோ பந்தாய், அதாவது பீச் ஸ்ட்ரீட். பேருக்கேற்ற வீதியாகக் கடலோரத்தில் இருந்தது இப்போது உள்ளே தள்ளி, வங்கிக் கட்டடங்களோடு நிற்கிறது. குறுக்குத் தெருக்களின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். பீச் ஸ்ட்ரீட்டுக்கு உட்புறம் 'லெபோ சைனா' என்று இருப்பது, கடல் பக்கம் வந்ததும் 'காட் லெபோ சைனா' ஆகிவிடும். 'காட்' என்று தொடங்கும் தெருவில் நிற்கிறீர்கள் என்றால், பழைய கரையைத் தாண்டி ஒரு காலத்தில் தண்ணீராக இருந்த இடத்தில் நிற்கிறீர்கள். பேருந்து ஜன்னலிலிருந்து இது தெரியவே தெரியாது.

இப்போது எனக்கு மிகப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். பிரான்சிஸ் லைட் போட்ட முதல் நகரத்துக்கு நான்கு வீதிகள் எல்லை: லைட் வீதி, பீச் வீதி, பிட் வீதி, சூலியா வீதி. சூலியா என்றால் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். ஆங்கிலேயன் கால் வைப்பதற்கு முன்பே எதிர்க்கரையில் கெடாவில் நம் வணிகர்கள் இருந்தார்கள். நகரம் பிறக்கும்போதே அதன் நான்கு எல்லைகளில் ஒன்றில் நம்மவர்கள் குடியிருந்தார்கள். இதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதும், அந்த வீதியில் வேர்க்க வேர்க்க நடப்பதும் ஒன்றாகாது.

சூலியா வீதியும் கிங் வீதியும் சந்திக்கும் முனையில் ஒரு சிறிய வெள்ளைக் கட்டடம் இருக்கிறது. நாகூர் தர்கா. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக 1800களின் தொடக்கத்தில் கட்டியது. கடல் பயணம் போகிறவர்கள் நாகூர் ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டு கப்பலேறுவது வழக்கம். பத்திரமாகக் கரை சேர்ந்தவர்கள் இங்கே அவர் பெயரால் விளக்கேற்றியிருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. கப்பலில் வந்திறங்கிய ஒரு தமிழர் பினாங்கில் ஒரே ஓர் இடத்துக்கு முன்னால்தான் நிற்க முடியும் என்றால், அது இந்தத் தர்காவாக இருக்கட்டும் என்பேன்.

அங்கிருந்து பத்து நிமிட நடைக்குள் எத்தனை வாசல்கள்! பிட் வீதிக்கு இப்போது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று பெயர். 1801இல் சூலியாக்களின் தலைவர் காதர் முகைதீனுக்குக் கம்பெனி நிலம் கொடுத்து எழுந்த பள்ளிவாசலின் பெயர்தான் தெருவுக்கு வந்திருக்கிறது. அதே தெருவில் சீனர்களின் குவான் யின் கோயில், ஊதுபத்திப் புகையோடு. வடக்கு முனையில் 1818ஆம் ஆண்டின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். வெள்ளைத் தூண்களோடு அமைதியாக நிற்கும் அந்தத் தேவாலயம் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளைக் கம்பெனி அந்தக் காலத்தில் பினாங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது; இந்த ஊரின் சாலைகளிலும் அவர்கள் வேர்வை உண்டு. ஒரு தெரு தள்ளி குவீன் வீதியில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் கும்பிட்ட அம்மன்.

லெபோ பினாங்குக்குள் நுழைந்தால் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த இடம். தரையில் பாய் விரித்து, சாய்மேசை போட்டு, பெட்டகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மலாயா முழுவதற்கும் கடன் கொடுத்தவர்கள் இருந்த கட்டடங்கள். தைப்பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளி ரதம் புறப்படுவது இந்தத் தெருவில் இருக்கும் கோவில் வீட்டிலிருந்துதான். இன்றும் இந்தப் பகுதியில் நகைக்கடை, பூக்கடை, மளிகைக்கடை, ஒலிபெருக்கியில் தமிழ்ப்பாட்டு. 'இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம், இதெல்லாம் நம்மூரிலேயே இருக்கே' என்று சிலர் முகம் சுளிப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் கோபமே வரும். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடல் தாண்டி ஒரு மொழி இந்தத் தெருவில் கடை திறந்து வைத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் வேறு எதைப் பார்க்க வந்தோம்?

நம் தாத்தா பாட்டி காலத்தில் இந்தத் துறைக்கு வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970கள் வரை ஓடியது. பெரும்பாலானோர் தளத்துப் பயணிகள். திறந்த தளத்தில் பாயும் தகரப்பெட்டியுமாக ஒரு வாரம் போலக் கடலில். வந்து சேர்ந்தாலும் நேராக ஊருக்குள் விடமாட்டார்கள். தெற்கே இருக்கும் ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் தங்க வைத்த காலம் இருந்தது. ரஜூலாவுக்குப் பிறகு சிதம்பரம் என்ற கப்பல் ஓடியது. 1985இல் அது தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியே முடிந்துபோனது. இன்று நாம் ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் காட்டிவிட்டு இறங்குகிறோம். இறங்கும் கரை அதே கரை.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரே ஒரு பரிந்துரை: நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோளில் கம்பு வைத்து, இருபுறமும் சோற்றுப் பானையும் குழம்புப் பானையும் தொங்கவிட்டுக்கொண்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதில் தொடங்கிய சாப்பாடு. நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்லி வாங்குங்கள். கப்பலின் பஃபே இலவசம்தானே என்று மதியத்துக்குக் கப்பலுக்கே திரும்பி ஓடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

ஆர்மேனியன் வீதியில் சைக்கிளில் இரண்டு குழந்தைகள் இருக்கும் சுவரோவியம் ரொம்பப் பிரபலம். எர்னஸ்ட் சகாரெவிச் என்ற லித்துவேனிய ஓவியர் 2012இல் வரைந்தது. நல்ல ஓவியம்தான். ஆனால் அதன் முன்னால் படமெடுக்கப் போகும் நேரத்தில் பாதித் தெருவைப் பார்த்துவிடலாம். போகிற வழியில் இருந்தால் பாருங்கள்; அதற்காகவே வரிசையில் நிற்காதீர்கள்.

வெல்ட் கீயில் கடலுக்கு மேல் கம்பு நட்டு வாழும் சீனக் குலங்களின் குடியிருப்புகளுக்குப் போனால் குரலைக் குறைத்துக்கொள்ளுங்கள். சியூ ஜெட்டி, அதாவது சியூ குலத்தின் படகுத்துறை, முன்பக்கம் கடைத்தெரு மாதிரி ஆகிவிட்டாலும் அவை வீடுகள். உள்ளே சோறு சமைக்கிறார்கள், பிள்ளைகள் தூங்குகிறார்கள். திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டுவது எந்த ஊரிலும் அசிங்கம்தான்.

இந்த நகரத்தில் வாழும் ஆட்களே குறைந்து வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தவரை தையல்காரர், கொல்லர், கூடை பின்னுபவர் எல்லோரும் குறைந்த வாடகையில் இருந்தார்கள். 2000 ஜனவரியில் அந்தக் கட்டுப்பாடு போனதும் பலர் வெளியேற வேண்டியதாயிற்று. யுனெஸ்கோ பட்டியலுக்குப் பிறகு கடைவீடுகள் நிறைய காபிக் கடைகளாகவும் சிறு ஹோட்டல்களாகவும் மாறின. நம்மைப் போல ஒரு பகல் வந்து போகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. அதனால் பத்து ரிங்கிட் செலவு செய்தாலும் அந்தத் தெருவில் வாழ்கிறவர்களிடம் செய்யுங்கள். துறைமுக முனையத்துக் கடையில் காந்த ஸ்டிக்கர் வாங்குவதைவிட லெபோ பசாரில் ஒரு முழம் பூ வாங்குவது மேல்.

சரி, நடைமுறை விஷயங்கள். வெயில் கொல்லும், காலையிலேயே இறங்கிவிடுங்கள். கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி நடைபாதை என்று கூரை போட்ட தாழ்வாரம் நீளமாகப் போகும்; வெயிலுக்கும் திடீர் மழைக்கும் அதுதான் துணை. ஆனால் பல இடங்களில் மோட்டார் சைக்கிளையும் சரக்கையும் வைத்து அடைத்திருப்பார்கள், அங்கே சாலையில் இறங்கித்தான் போக வேண்டும். பின்னால் வரும் வண்டியைப் பார்த்து இறங்குங்கள். வயதானவர்கள் இருந்தால் நடை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். மூன்று சக்கர பேச்சா ரிக்‌ஷா கிடைக்கும், விலையை ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அவர்கள் வண்டியில், மற்றவர்கள் பக்கத்தில் நடை என்று போகலாம். இந்தத் தெருக்களுக்கு அந்த வேகம்தான் சரி.

கடிகாரம் முக்கியம். மலேசிய நேரம் தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால். புக்கெட்டிலிருந்து வரும் கப்பலில் கப்பல் நேரமும் கரை நேரமும் ஒன்றாக இருக்கிறதா என்று இறங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கைபேசி தானாகக் கரை நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் மாறாமல் இருக்கலாம். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும், சொந்தமாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. பயந்து பேருந்தில் ஏறுகிறவர்கள் சொல்லும் காரணம் இதுதான், நியாயமான பயம்தான். ஆனால் பினாங்கில் எந்தத் தெருவில் நின்றாலும் கப்பலின் புகைக்கூண்டு இருக்கும் திசை தெரியும். சூலியா வீதியிலிருந்து நிதானமாக நடந்தாலே அரை மணிக்குள் துறைக்கு வந்துவிடலாம். தினசரி நிகழ்ச்சித் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும், அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் நகல் ஒன்று பையில் இருக்கட்டும். எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது கடைசியாக ஒரு தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய டீ, குடித்துவிட்டுக் கடல் பக்கமாகத் திரும்புங்கள்.