கிருமி 'பழகுவதில்லை'

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சென்ற வாரம் ஒரு செய்தி சுற்றியது. "ஆன்டிபயாடிக் மாத்திரைக்குக் கிருமி பழகிவிடும், மூலிகைக்கு ஒருநாளும் பழகாது" என்பதுதான் அதன் சாரம். நான் நுண்ணுயிரியல் படித்தவன் என்பதால், கண்டனூரில் இருக்கும் அத்தை "இது மெய்தானா?" என்று கேட்டார்கள். அங்கே நான்கு வரியில் சொன்னது எனக்கே நிறைவாக இல்லை.

'பழகுதல்' என்ற சொல்லிலேயே பிழை தொடங்கிவிடுகிறது. ஈ.கோலை போன்ற பாக்டீரியா பிரிந்து பெருகும்போது, ஏறத்தாழ ஆயிரம் பிரிவுகளுக்கு ஒரு முறை அதன் மரபணுத் தொடரில் (டி.என்.ஏ.வில்) ஓர் எழுத்து பிசகுகிறது. அந்தப் பிசகு மருந்தைப் பார்த்து வருவதில்லை, மருந்து உள்ளே வருவதற்கு முன்பே கூட்டத்தில் எங்கோ இருந்துவிடுகிறது என்பதை லூரியா, டெல்புரூக் என்ற இரு அறிவியலாளர்கள் 1943இலேயே காட்டினார்கள். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, அதைத் தாங்கும் பிசகு வாய்த்தவை மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. மழை பொய்த்த ஆண்டில் நம் சீமையில் நெல் கருகிச் சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்து, வறட்சிதான் கருவேலத்தைப் படைத்தது என்று நாம் சொல்வோமா? காசநோய்க் கிருமியில் ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக் போய் ஒட்டிக்கொள்ளும் புரதத்துக்கான மரபணுவில் ஓரெழுத்து மாறினாலே போதும், அந்த மருந்து பிடிமானம் இழந்துவிடும். அதனால்தான் அந்நோய்க்குத் தொடக்க இரண்டு மாதங்களுக்கு நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நான்கையும் வெல்லும் மாற்றங்கள் ஒரே கிருமியில் தாமாகக் கூடிவருவது மிக அரிது.

இனி மூலிகைக்கு வருவோம். தாவரங்களும் மண்ணின் பூஞ்சைகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நஞ்சு காய்ச்சிக்கொண்டிருக்கின்றன, பாக்டீரியாவும் அதே காலமாகத் தப்பிக்கும் வழிகளைச் சேர்த்துவைத்திருக்கிறது. உள்ளே நுழைந்த நஞ்சை வெளியே இறைத்துக் கொட்டும் புரதப் பம்புகள் அவற்றுள் ஒன்று. ஆகவே மூலிகைக்குக் கிருமி பழகாது என்பது தலைகீழான பேச்சு.

ஆனால் தாவரம் ஒற்றைச் சரக்கை நம்பி இருப்பதில்லை, என்னை வியக்க வைப்பதும் அதுதான். காரைக்குடி நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மரமஞ்சளின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பெர்பெரின் என்ற வேதிப்பொருள். அது கிருமிக்கு நஞ்சுதான், ஆனால் மேற்சொன்ன பம்புகள் அதை எளிதில் வெளியேற்றிவிடும். பெர்பெரின் தயாரிக்கும் வேறொரு செடியினமான பெர்பெரிஸில், பம்பை அடைக்கும் இன்னொரு பொருளும் கூடவே இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2000இல் கண்டார்கள். தனியே அந்தப் பொருளுக்குக் கிருமியைக் கொல்லும் வலு இல்லை. பெர்பெரினோடு சேரும்போதுதான் அதன் வேலை தெரிகிறது.

நம் அஞ்சறைப் பெட்டியிலும் அப்படியொரு துணையாள் உண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி என்ற திரிகடுகத்தில் பின்னிரண்டும் காரத்தைத் தரும் பைப்பரின் என்ற பொருளைக் கொண்டவை. ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியின் ஒரு பம்பைப் பைப்பரின் தடுப்பதை ஜம்முவில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். (நடுவண் அரசின் அறிவியல் ஆய்வு மன்றம்) ஆய்வகத்தார் சோதனைக்குழாயில் காட்டினார்கள். அதே ஆய்வகத்தின் முயற்சியில் வந்த காசநோய்க் கூட்டுமருந்து ஒன்றில், 10 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்து, வழக்கமான 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசினை 200ஆகக் குறைத்தார்கள். இங்கே பைப்பரின் கிருமியைக் கொல்வதில்லை, மருந்து உடலில் சேர உதவுகிறது. நம் ஊர் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பத் துறையில் நெடுநாளாக நடக்கும் ஆய்வும் இந்த வகைச் சிந்தனைக்கு அருகில் வருவது: கிருமியைக் கொல்லாமல், கிருமிகள் ஒன்றுக்கொன்று வேதிக்குறிப்பு அனுப்பிக் கூட்டமாய்ச் செயல்படுவதைக் குலைக்கும் இயற்கைப் பொருள்களை அவர்கள் தேடுகிறார்கள். கொல்லாத மருந்து, பிழைத்தவனை மட்டும் பெருகவிடும் நெருக்கடியையும் குறைவாகவே கொடுக்கும் என்ற எதிர்பார்ப்பு அதில் இருக்கிறது. எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை அதிகம்.

சோதனைக்குழாயில் நடப்பது உடலில் அப்படியே நடக்கும் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் ஆய்வகத் தட்டில் கிருமியைத் தடுக்கும், விழுங்கினாலோ இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். எனவே சிறுநீர்த் தொற்றுக்கு மருத்துவர் தந்த மாத்திரையை மூன்றாம் நாள் நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறிய என் சித்தப்பாவின் செயலை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த மாதம் அவர் காய்ச்சலோடு படுத்தார். மாறாக, மாத்திரையோடு பைப்பரின் நிறைந்த சூரணத்தையும் நாள்தோறும் எடுப்பவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். வலிப்புக்கான ஃபெனிடாயின் போன்ற மருந்துகள் இரத்தத்தில் ஏறும் அளவைப் பைப்பரின் உயர்த்திவிடும்.

இவ்வளவையும் படித்துவிட்டு அத்தை தொலைபேசியில் கேட்டார்கள்: "அப்ப மிளகு ரசத்தை விட்டுரணுமாப்பா?" வேண்டாம் அத்தை, ரசத்தில் போடும் மிளகும் ஸ்பூன் ஸ்பூனாக விழுங்கும் சூரணமும் ஒன்றல்ல.